பெரியவர் தலையாட்டணும்

சிக்னலா? கிடைக்காது தம்பி. போன எவ்ளோ தூக்கிப் பிடிச்சாலும் கிடைக்காது. பாதி வீடு தரைக்குக் கீழ இருக்கு, படி இறங்கித் தானே வந்தீங்க. அந்த ஜன்னல்ல பாருங்க, ரோட்டுல போறவங்க கால் மட்டும் தான் தெரியும். இந்தத் தெருவுல பாதிப் பேர செருப்ப வெச்சுத் தான் எனக்கு அடையாளம், முகத்தக் காட்டினா யாருங்கன்னு கேட்டுடுவேன். வைஃபையா? இருக்கு, இல்லாம என்ன. பாஸ்வேர்டு தான்... மக போன வாரம் வந்தப்போ மாத்தி வெச்சுட்டுப் போயிட்டா, எங்கயோ எழுதி வெச்சேன். சிரிக்காதீங்க. இத்தன வருஷம் கம்ப்யூட்டர்ல குப்பை கொட்டினவளுக்கு வீட்டு பாஸ்வேர்டு தெரியலன்னா சிரிப்பு வரத் தான் செய்யும். தேடித் தர்றேன். அந்த லேப்டாப் பைய மொதல்ல கீழ வைங்க. ஒரு வருஷமா எழுத்துலயே அக்கா, தம்பின்னு பேசிட்டு இன்னிக்குத் தான் முகம் பாக்குறோம், வந்தவுடனே பெட்டியத் திறந்தா எப்படி?

நீங்க வாங்க வந்த சாவி எங்கயும் ஓடிடாது. இவ்ளோ தூரம் வந்திருக்கீங்க, பேசாமயா அனுப்பிடுவேன்.

வெளிய டங்கு டங்குன்னு கேக்குதே, அதுவா? எதிர் வீட்டு மெக்கானிக் அண்ணன். நம்ம வாசல்ல தான் நிழல் இருக்குன்னு பைக்கக் கொண்டு வந்து பிரிச்சுப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கார். நீங்க தாண்டித் தானே வந்தீங்க? நல்ல மனுஷன். கொஞ்சம் ஆள் தாட்டியா இருப்பார், பாத்தா பயமா இருக்கும், அவ்ளோ தான்.

இது வேற சத்தம். உர்ர்ர்ருன்னு உள்ள ரூம்ல கேக்குறது நம்ம பெரியவர். அவரே தான். பெரியவருக்கு எப்போ அக்கா ரிட்டயர்மெண்ட்னு மாசத்துக்கு ஒரு தடவ கேப்பீங்களே. பீரோவுக்குப் பக்கத்துல உக்கார வெச்சிருக்கேன். வயசான கம்ப்யூட்டர், கொஞ்சம் வேலை குடுத்தாலே ஃபேன் சுத்த ஆரம்பிச்சிடும், மூச்சு வாங்குற மாதிரி. பாக்கணுமா? பாக்கலாம் தம்பி, அப்புறமா. இப்போ அவரத் தொந்தரவு பண்ண வேணாம்.

டீ எடுத்துக்குங்க. சர்க்கரை ஒண்ணா, ரெண்டா? ரெண்டா. ம். இல்ல, ஒண்ணுமில்ல, டீ வாசனையே எனக்கு ஆகாது அக்கான்னு ஒரு தடவ எழுதியிருந்தீங்க. பழகிட்டீங்க போல. பழகிக்க வேண்டியது தான்.

விஷயத்துக்கு வரணுமா? விஷயத்துல தான் தம்பி இருக்கேன். எனக்குச் சுத்தி வளைச்சுப் பேசித் தான் பழக்கம், எங்க வீட்டுக்காரர் இருந்தப்பவும் இதே திட்டு தான் வாங்குவேன். அவர் நறுக்குன்னு பேசுவார், நாள் முழுக்க நாலு வார்த்தை. மிச்சத்த நான் பேசிடுவேன். நாங்க ரெண்டு பேரும் சேந்து தானே இந்த லைப்ரரிய எழுதினது. லைப்ரரி எழுதுறோம்னு சொன்னதும் எங்க மாமியார், நல்ல காரியம், எனக்கு ரெண்டு கதைப் புஸ்தகம் வாங்கி வைன்னாங்க. புஸ்தகம் இல்ல, கம்ப்யூட்டர் கோடு, ஒரு மெஷின் சொல்றத இன்னொரு மெஷினுக்குச் சிந்தாம சிதறாம கொண்டு போய்ச் சேக்கிறது, அவ்ளோ தான் அத்த இதோட வேலைன்னு அவங்களுக்குச் சொன்னேன். அதுக்குத் தான் நீ இருக்கியே, இந்த வீட்டுல நடக்கிறத அந்த வீட்டுல சொல்றதுக்குன்னாங்க. அவங்களுக்கு என்னையக் கண்டா அப்படி.

சும்மா விளையாட்டா ஆரம்பிச்சோம் தம்பி. யார் வேணா எடுத்துக்குங்கன்னு பொதுவுல போட்டோம். எடுத்தாங்க. எவன் எடுத்தான், எதுல வெச்சான்னு நமக்கு எங்க தெரியுது? குடிதண்ணி பம்ப் பண்ற இடத்துல இருக்குன்னு ஒருத்தர் எழுதுவார், லிஃப்ட்ல இருக்குன்னு இன்னொருத்தர் எழுதுவார். அந்தக் கடிதாசு வந்த நாளெல்லாம், நம்ம தப்பால எவனுக்காவது ஏதாவது ஆயிடுமோன்னு எங்க வீட்டுக்காரர் சரியா சாப்பிட மாட்டார். அப்போ போட்டது தான் இந்தச் சட்டம். புதுசா எது வெளிய விட்டாலும் நம்ம கிட்ட இருக்கிறதுலயே பழைய மெஷின்ல மொதல்ல ஓட்டணும். பெரியவர் தலையாட்டணும், அப்போ தான் வெளிய போகணும். புது மெஷின் எதக் குடுத்தாலும் சரிங்க சரிங்கன்னு முழுங்கிட்டுப் போயிடும், பெரியவர் தான் நொட்டை சொல்வார்னு சொல்லுவார். வாய் வார்த்தையா வெக்காம கோட்டுலயே எழுதி வெச்சுட்டார், பெரியவர் முடிச்சு சரின்னு சொல்லாம, வெளிய விடுறதுக்கு முத்திரை குத்துற சாவி திரும்பாது. அது உங்களுக்குத் தெரியுமே. அதான் உங்களுக்குத் தொல்லையே.

ஆமா, மெதுவா தான் முடிப்பார். உங்க லேப்டாப் கண்ணச் சிமிட்டுறதுக்குள்ள முடிக்கிறத இவர் அரை மத்தியானம் வெச்சு செய்வார். நீங்க சொன்னதுல தப்பே இல்ல தம்பி. பெரியவருக்குள்ள இருக்கிற மாதிரி ஒரு பழைய போர்டுக்காக எவ்ளோ சுமக்குறது? எந்தக் கம்பெனியும் இப்போ அத செய்யறதில்ல. அதுக்காகவே தனியா எழுதின கோடெல்லாம் பழைய துணி மாதிரி மூட்டையா கிடக்கு, தூக்கிப் போட்டா வீடே பாதி காலி ஆயிடும். இத்தனையும் நான் ஒருத்தியா பாக்கணும். விடுங்கக்கா, யாரும் அழ மாட்டாங்கன்னு நீங்க எழுதினப்போ எனக்குக் கண்ணுல தண்ணி வந்துச்சு. நம்மளையும் யோசிக்க ஒருத்தர் இருக்காரேன்னு.

எப்போ விடுறதுன்னு முடிவு பண்ண எங்க கிட்ட ஒரு வழி இருந்துச்சு, சொல்லியிருக்கேனா? கத்தல் சோதனைன்னு பேரு வெச்சிருந்தோம். ஒரு பழைய விஷயம் யாருக்காவது வேணுமான்னு சந்தேகமா இருந்தா, கேட்டா எல்லாரும் வேணும்பாங்க. எதுக்குன்னு கேட்டா தெரியாதும்பாங்க. அதனால கேக்கவே மாட்டோம். சோதனைக்குன்னு விடுற பதிப்புல சத்தமில்லாம அத நிறுத்திட்டு, காதத் தீட்டிக்கிட்டு உக்காந்திருப்போம். வேணுங்கிறவன் கத்துவான். எங்கிருந்து கத்துறான், என்னன்னு கத்துறான்னு பாத்தா போதும், எவன் எதுல வெச்சிருக்கான்னு புட்டுப் புட்டு வெச்சிடும்.

ஒரு தடவ ஏமாந்தும் போனோம். எவனும் கத்தலன்னு ஒரு பழச விட்டோம். ரொம்ப நாள் கழிச்சு கடல் ஆராய்ச்சி பண்ற அம்மா ஒருத்தங்க எழுதுறாங்க, நடுக்கடல்ல மிதக்குற மிதவையில உங்க லைப்ரரி இருந்துச்சு, நாங்க வருஷத்துக்கு ஒரு தடவ தான் படகு எடுத்துட்டுப் போய்ப் பாப்போம், மிதவைக்கு வாய் இல்லைங்க மேடம், அதான் லேட்டுன்னு. எங்க வீட்டுக்காரர் அன்னிக்கு சிரிச்ச சிரிப்பு இருக்கே. அப்புறம் ரெண்டு நாள் உக்காந்து அந்தப் பழசத் திருப்பிச் சேத்தார்.

பாஸ்வேர்டா? ஆமா ஆமா, மறந்தே போயிட்டேன். இந்த டிராயர்ல தான் வெச்ச ஞாபகம். இது மின்சாரக் கட்டண ரசீது. இது அவர் கண்ணாடி. இல்லையே. அவசரமா என்ன? நாம தான் எதிர்ல உக்காந்திருக்கோமே, வேற யார் கிட்ட பேசப் போறீங்க?

உங்களுக்கு நான் சொல்லாத ஒண்ணு இருக்கு. எங்க வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில கிடந்தப்போ, தலைமாட்டுல ஒரு சின்ன பம்ப் மாட்டியிருந்தாங்க. மருந்த சொட்டு சொட்டா அளந்து உள்ள அனுப்பும். நர்ஸம்மா அத ஆஃப் பண்ணி ஆன் பண்ணினாங்க, திரையில பொடி எழுத்துல என்னென்னமோ ஓடிச்சு. அதுல நம்ம லைப்ரரி பேரு வந்துச்சு தம்பி. அதுக்குக் கீழயே போர்டோட பேரு, பெரியவரோட அதே போர்டு, சொந்தத் தம்பின்னு வெச்சுக்குங்க. அவர் கிட்ட காதுல சொன்னேன். மனுஷனுக்குப் பேச முடியல, கண்ணால மட்டும் சிரிச்சார். அத விட்டுடாதன்னு சொன்ன மாதிரி இருந்துச்சு, இல்ல நானா நெனச்சுக்கிட்டேனோ. அந்த வார்டுல இருந்த எல்லாத் தலைமாட்டுலயும் அந்த பம்ப் தான். நைட்டு பகலா அந்த சொட்டையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். பம்ப் அது பாட்டுக்குச் சரியா தான் வேலை செஞ்சுது. அவர் உடம்பு தான் கேக்கல.

வேணாம், அதெல்லாம் சொல்லாதீங்க. அப்பவே சொன்னீங்களே, எவ்ளோ அழகா எழுதியிருந்தீங்க. அவர் போன கொஞ்ச நாள்ல தானே நீங்க வந்தீங்க. நான் பாத்திரம் கூட கழுவாம கிடந்த நேரம். வர்ற புகாருக்கெல்லாம் எனக்குப் பதிலா நீங்களே பொறுமையா பதில் போட்டீங்க. காலையில எந்திரிச்சா உங்க மெசேஜ் இருக்கும், சாப்டீங்களாக்கான்னு. பெத்த மக கேக்கல தம்பி அத. கூடப் பொறந்தவன் இருந்தா இப்படித் தான் இருப்பான்னு நெனச்சேன். பொய் சொல்லல, மனசாரச் சொல்றேன். அதனால தான் கேட்டதெல்லாம் குடுத்தேன். கோடு சேக்குற உரிமை குடுத்தேன். நான் ஏதாவது வெளிய விட ஆரம்பிச்சா உங்களுக்கு உடனே தகவல் வர்ற மாதிரி, வேணாம்னா நீங்க நிறுத்துற மாதிரி, அந்த உரிமையும் குடுத்தேன். சாவி ஒண்ணு தான் பாக்கி இருந்துச்சு.

அதையும் குடுத்துடுறதுன்னு தான் இருந்தேன். பெரியவருக்கு விடை குடுத்துடலாம்னு அறிவிப்பு கூட எழுதி முடிச்சாச்சு. அனுப்புறதுக்கு முன்னாடி, இத்தன வருஷம் உழைச்ச மனுஷன், தூசியோட அனுப்புறதா, துடைச்சு அனுப்புவோம்னு ஒரு பழைய பிரஷ்ஷ எடுத்துக்கிட்டு அந்த ரூமுக்குப் போனேன். ஃபேன் சுத்துது. உர்ர்ருன்னு, இதோ இப்போ கேக்குதே, இதே மாதிரி. வேலையே குடுக்கல தம்பி. நம்ம போன மாசம் விட்ட பதிப்பு அதுல ஏறியிருக்கு, வேற ஒண்ணும் ஓடல. சும்மா உக்காந்திருக்கிற கெழவருக்கு எதுக்கு மூச்சு வாங்குது?

தூசின்னு நெனச்சு நல்லா சுத்தம் பண்ணினேன். நிக்கல.

எங்க எந்திரிக்கிறீங்க? வெளிய போய் ஒரு போன் பண்ணிட்டு வரணுமா? போகலாமே, ஆனா அண்ணன் பைக்க வாசக்கதவுக்குக் குறுக்கால இழுத்துப் போட்டுட்டார் போல இருக்கு, ஜன்னல்ல சக்கரம் தெரியுது பாருங்க. மாட்டி முடிச்சிட்டு நகத்துவார். உக்காருங்க. டீய கை தட்டி விட்டுடப் போறீங்க.

எங்க விட்டேன்? ஆங், நிக்கல. அப்புறம் ஒரு வேலை பண்ணினேன். நீங்க வந்ததுல இருந்து சேத்தத ஒவ்வொண்ணா எடுத்துட்டு, எடுத்துட்டு, பெரியவர் பக்கத்துலயே ஸ்டூல் போட்டு உக்காந்து கேட்டுக்கிட்டிருந்தேன். பெரிசு பெரிசா எழுதினீங்களே, அதெல்லாம் தங்கம். எடுத்தாலும் வெச்சாலும் ஒண்ணுமில்ல. கடைசியில ஒரு சின்னது. சோதனைக் கோப்பெல்லாம் கலைஞ்சு கிடந்துச்சு அக்கா, அடுக்கி வெச்சேன், நீங்க பாக்கக் கூட வேணாம்னு அனுப்பினீங்களே. அத எடுத்தேன், ஃபேன் நின்னுடுச்சு. திருப்பி வெச்சேன், சுத்துது. புது மெஷின்ல அது கண் சிமிட்டுற நேரம் கூட எடுத்துக்காது, யாருக்கும் தெரியாது. பாவம், இந்தக் கெழவரால தான் மூடி மறைக்க முடியல. அன்னிக்குத் தான் புரிஞ்சுது, உங்களுக்கு அவர் மேல ஏன் அவ்ளோ கோவம்னு.

பிரிச்சுப் பாத்தேன். பாக்காம இருப்பேனா. ஓயாம யாரோ கூப்பிடுவாங்கன்னு காத வெச்சுக்கிட்டே உக்காந்திருக்கு. வெளியில இருந்து ஒரு வார்த்தை வந்தா போதும், எந்த மெஷின்ல இருக்கோ அந்த மெஷினக் கூப்பிட்டவன் கைக்குக் குடுத்துடும். தண்ணி பம்ப்பும் சரி, லிஃப்ட்டும் சரி. அந்த வார்டுல தலைமாட்டுல இருக்கிறதும் சரி.

பேசாதீங்க. நான் முடிச்சிடுறேன்.

அப்பவும் என் மனசு ஒத்துக்கல, தெரியுமா? என் தம்பி அப்படிச் செய்வானா, அவன் கோட்டுக்குள்ள வேற எவனாவது வெச்சிருப்பான், அவனுக்கே தெரியாதுன்னு ராத்திரியெல்லாம் உங்களுக்காக நானே வாதாடினேன். பாதி உலகத்துக்கிட்ட இருக்கிற லைப்ரரி, இது எவனுக்கு வேணும்னு யார் கிட்ட போய்க் கேக்குறது? கேட்டா உண்மை வருமா? அதனால கேக்கல. அடுத்த சோதனைப் பதிப்புல அந்த ஒண்ண மட்டும் சத்தமில்லாம நிறுத்திட்டு, காதத் தீட்டிக்கிட்டு உக்காந்தேன்.

ஒரு ஈ காக்கா கத்தல தம்பி. ஆஸ்பத்திரி கத்தல, லிஃப்ட்டு கத்தல, மிதவை கூட கத்தல. அம்மாவுக்கு உடம்பு சரியில்ல, ஊர விட்டு நகரவே முடியாதுன்னு வருஷம் பூரா சொல்லிட்டிருந்தவர், அன்னிக்கு சாயங்காலமே அக்கா சாவிய யார் கிட்டயும் அனுப்பாதீங்க, நானே நேர்ல வந்து வாங்கிக்கிறேன்னு எழுதினீங்க. அதப் படிச்சிட்டு அந்த ஸ்டூல்லயே உக்காந்து அழுதேன். அவர் போனப்போ கூட அப்படி அழல.

இல்ல, போலீஸ் கீலீஸ் எல்லாம் இங்க யாரும் ஒளிஞ்சிருக்கல. சொல்ல வேண்டிய இடத்துல சொல்லியிருக்கேன், வர்றவங்க அவங்க நேரத்துக்கு வருவாங்க. அந்த அண்ணன் மட்டும் தான். அந்த பைக்ல ஒரு கோளாறும் இல்ல தம்பி, நேத்து தான் சர்வீஸ் பண்ணினார்.

உங்க உரிமையப் பிடுங்கிட்டு வேலையப் பாத்திருக்கலாமேன்னு கேப்பீங்க. பிடுங்கின அடுத்த நிமிஷம் தகவல் உங்களுக்குத் தானே வரும்? அந்த ஒரு வார்த்தைய நீங்க சொல்லி அனுப்பிட்டா? எத்தன தலைமாட்டுல எத்தன பம்ப்பு. அதான் வாங்கன்னு சொன்னேன். என் கணக்கு என் லேப்டாப்ப விட்டு எங்கயும் போகாது அக்கா, அவ்ளோ பத்திரம்னு பெருமையா எழுதியிருந்தீங்க. அந்த லேப்டாப் இதோ உங்க கால்மாட்டுல, சிக்னல் இல்லாத வீட்டுல இருக்கு. நீங்க படி இறங்குற சத்தம் கேட்டதும் உள்ள போய் பெரியவர்கிட்ட ஆரம்பிச்சு வெச்சுட்டு வந்து தான் உங்களுக்குக் கதவத் திறந்தேன். நீங்க வெச்சத எடுத்துட்ட பதிப்பு. சாவியும் அவர்ல தான் சொருகியிருக்கு. ஆஸ்பத்திரிக்காரங்களுக்கெல்லாம் முன்னாடியே நேர்ல சொல்லியாச்சு, வந்ததும் ஏத்துறதுக்கு ஆள் உக்காந்திருக்கு. வேற என்ன, அவர் முடிக்கிற வரைக்கும் உங்கள உக்கார வெக்கணும். எனக்குத் தெரிஞ்ச வித்தை பேச்சு ஒண்ணு தானே.

ஷ்ஷ். இருங்க.

கேக்குதா? ஒண்ணும் கேக்கலல்ல. ஃபேன் நின்னுடுச்சு. தலையாட்டிட்டார்.

உக்காருங்க தம்பி, எந்திரிச்சு என்ன செய்யப் போறீங்க, பதிப்பு வெளிய போயிடுச்சு. உள்ள போய் அவரத் தூக்கி உடைச்சாலும் இனி ஒண்ணும் திரும்பி வராது. எனக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் தெரியணும். சாப்டீங்களாக்கான்னு காலையில கேட்டது நீங்களா? டீ ஆகாதுன்னு சொன்னது வேற ஆளா? ஒரே லேப்டாப்ப வெச்சுக்கிட்டு முறை போட்டு எழுதினீங்களா? சரி, சொல்ல வேணாம்.

பாஸ்வேர்டு கேட்டீங்கல்ல. எழுதிக்குங்க. பெரியவர்னு இங்கிலீஷ்ல சின்ன எழுத்துல, நடுவுல இடம் விடாம ஒண்ணு, ரெண்டு, மூணு. மக ஒண்ணும் மாத்தல. போன்ல போடுங்க, பயப்படாதீங்க. ஆங், வந்துடுச்சு பாருங்க.

அடேங்கப்பா. என்ன தம்பி, போன் இப்படித் துடிக்குது? ஒண்ணு மேல ஒண்ணா வந்துக்கிட்டே இருக்கே. உங்கள அனுப்பினவங்க இப்போ தான் கத்துறாங்க.

எடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க. ஒரு வருஷமா யாருக்கு நான் சப்போர்ட் பண்ணிக்கிட்டிருந்தேன்னு நானும் கேக்குறேன்.